கல்நெஞ்சும் உபேக்காவும்

திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பத்து நாள் மௌன முகாம் ஒன்றில் தியானம் பழகிய அவர், இரண்டு வருடமாக விடாமல் அதிகாலையில் அமர்ந்துவருகிறார். சென்ற மாரிகாலத்தில் அவருடைய ஏழு வயது மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் நான்கு இரவுகள் தங்க நேர்ந்தது. மூன்றாம் இரவு மனைவி பிள்ளையின் காலடியில் இருந்து அழுதுகொண்டிருக்க, இவர் வார்ட்டுக்கு வெளியே வாங்கில் கண்மூடி மூச்சைக் கவனித்தபடி இருந்திருக்கிறார். பிள்ளை சுகமாகி வீடு திரும்பிய பிறகு மனைவி சொன்ன ஒரு வசனம் இவரை விடவில்லை: "நீங்கள் கல்லாப் போயிட்டீங்கள்." தனக்கு வாய்த்தது பௌத்தம் சொல்லும் உபேக்கா என்ற மனச் சமநிலைதானா, அல்லது பாசம் வற்றிவிட்டதா, உபேக்காவைப் பழகிக்கொண்டே மகளை உயிராக நேசிக்க முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். நேசிக்கத் தெரியாதவருக்கு உபேக்கா கைகூடாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அன்றிரவு அந்த வாங்கில் உங்களுக்கு வாய்த்தது உபேக்கா இல்லை என்று நினைக்கிறேன், தம்பி. இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே மாதிரியான வாங்கில் நானும் பல காலம் இருந்தவன்.

குழப்பத்தில் பாதி சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் 'உபேட்சை' என்று எழுதினால் புறக்கணிப்பு, அலட்சியம் என்றே பொருள். ஒரு விண்ணப்பத்தை அதிகாரி உபேட்சை செய்தார் என்றால் அவர் கோப்பைத் திறந்தும் பார்க்கவில்லை என்று விளங்கிக்கொள்கிறோம். பாளியின் உபேக்காவும் அதே வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் பௌத்த நூல்களில் அது போன வழி வேறு. பார்த்தல் என்னும் பொருள் கொண்ட வேர் அது; விருப்பின் பக்கமோ வெறுப்பின் பக்கமோ சாயாமல் பார்த்திருத்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பார்வையை விலக்குவதற்கு அதில் இடமே இல்லை. தமிழர் ஒருவருக்கு இதை விளக்க எனக்குக் கிடைத்த எளிய வழி, நாம் தினமும் சொல்லும் 'பார்த்துக்கொள்' என்ற வினைதான். வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர் படலையடியில் நின்று "அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லும்போது, கண்ணால் காண்பதையும் பராமரிப்பதையும் நம் மொழி ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. கண்மூடி இருந்தவர் யாரைப் பார்த்துக்கொண்டார் என்பதுதான் உங்கள் மனைவியின் கேள்வியும்.

உபேக்கா தனியாக வரும் குணம் அன்று. மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா என்று பிரம்ம விகாரங்கள், அதாவது பௌத்தம் வளர்க்கச் சொல்லும் உயர்ந்த மனநிலைகள், நான்கு. எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்ற நேயம், துன்பப்படுபவரைக் கண்டு இளகும் இரக்கம், பிறர் நன்மையில் மகிழும் மனம், இவற்றுக்குப் பிறகு நான்காவதாக வருவது உபேக்கா. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பாளித் தியான நூல் இந்த வரிசையில் மிகவும் கண்டிப்பானது: முதல் மூன்றையும் மூன்றாம் ஜானம் (தியானத்தில் மனம் ஒன்றி நிற்கும் படிநிலை) வரை பழகி முதிரச் செய்தவரே நான்காவதைத் தொடங்க வேண்டும். இன்றைய முகாம்களில் பலர் முதல் நாளிலிருந்தே சமநிலை, சமநிலை என்று கேட்டுப் பழகிவிடுகிறார்கள். அது புலன் உணர்ச்சிகளின் மேல் பழகும் சமநிலை. அதற்கு அதன் பயன் உண்டு. அதையே எடுத்துவந்து மனைவி பிள்ளைகள் மேல் வைக்கும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது.

அதே நூலில் ஓர் உவமை உண்டு. ஒரு தாய்க்கு நான்கு ஆண்பிள்ளைகள். ஒருவன் குழந்தை, ஒருவன் நோயாளி, ஒருவன் இளமையின் பொலிவில் இருப்பவன், ஒருவன் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொண்டு திரிபவன். குழந்தை வளர வேண்டும் என்று அவள் விரும்புகிறாள். நோயாளி தேற வேண்டும் என்று விரும்புகிறாள். இளைஞனின் இளமை நெடுங்காலம் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறாள். நான்காமவனைப் பற்றிப் பதறுவதில்லை. (எங்கள் ஊர்த் தாய்மார் நாற்பது வயது மகனையும் "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம். புத்தகோசர் கண்ட தாய் கொஞ்சம் நிதானமானவள்.) இங்கே கவனிக்க வேண்டியது, நான்கு பேருக்கும் தாய் ஒருத்தியே என்பது. ஒரே அன்பு, பிள்ளை இருக்கும் நிலையைப் பார்த்து நான்கு முகம் கொள்கிறது. இப்போது உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள். அந்த மூன்றாம் இரவில் அவள் எந்தப் பிள்ளை? காய்ச்சலில் கிடந்த இரண்டாவது பிள்ளை. அவளுக்கு உரியது கருணா. நீங்கள் நான்காவது பிள்ளைக்கு உரியதை இரண்டாவது பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இப்படி மாறிப்போகும் என்று அந்த ஆசிரியர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் தூரத்துப் பகை ஒன்றும் அண்மைப் பகை ஒன்றும் உண்டு என்கிறார்கள். தூரத்துப் பகையைக் கண்டால் யாருக்கும் அடையாளம் தெரியும்: நேயத்துக்கு வெறுப்பு, இரக்கத்துக்குக் கொடுமை. அண்மைப் பகை சொந்தக்காரர் போல முகம் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நேயத்துக்கு அண்மைப் பகை பற்று. இரக்கத்துக்கு அண்மைப் பகை தானும் சேர்ந்து துயரில் மூழ்குவது. உபேக்காவுக்கு அண்மைப் பகை, அறியாமையால் வரும் ஒருவகைச் சும்மா இருத்தல். அங்கே கலக்கம் இல்லை, ஆனால் காண்பதும் இல்லை. விசுத்திமக்கம் உபேக்கா என்ற ஒரே சொல்லுக்குள் பத்து வகைகளைப் பிரித்துக் காட்டுவது வீண் வேலை அன்று. இன்பமும் அல்லாத துன்பமும் அல்லாத வெறும் உணர்ச்சிக்கும் உபேக்கா என்றே பெயர்; பிரம்ம விகாரமான உபேக்காவுக்கும் அதே பெயர். அளவு மீறிய பயத்தில் மனம் மரத்துப்போகும்போது முதலாவது கிடைத்துவிடுகிறது, அதை இரண்டாவது என்று எண்ணி மகிழ்ந்துவிடுகிறோம். இரண்டையும் பிரித்தறிய நான் கையாளும் சோதனை ஒன்றுதான். அன்றிரவு மகள் எத்தனை தரம் தண்ணீர் கேட்டாள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? உபேக்கா இருந்த இடத்தில் விவரங்கள் தெளிவாகத் தங்கியிருக்கும். மரத்துப்போன இடத்தில் விளக்கு வெளிச்சமும் டெட்டோல் மணமும்தான் மிஞ்சும்.

சமமாக ஓடும் குதிரைகளைப் பார்த்திருக்கும் தேரோட்டியை இந்த நடுநிலைக்கு உவமை சொல்வார்கள். அவன் சவுக்கை வீசுவதில்லை. கடிவாளத்தை விடுவதும் இல்லை. கொழும்புக்கு ஓடும் இரவு பஸ் சாரதிகள் சிலரிடம் இந்த உவமையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. டெங்கு வார்ட்டிலும் கடிவாளம் உண்டு. காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாட்களே ஆபத்தானவை என்பதும், அப்போது பிள்ளை எவ்வளவு குடித்தது, எவ்வளவு சிறுநீர் போனது என்று கணக்கெடுக்க வேண்டும் என்பதும் இன்று எங்கள் ஊரில் பெற்றோர் பலருக்குத் தெரியும். அந்தக் கணக்கைத் தவறாமல் எழுத, நடுங்காத கை வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க, பதறாத மனம் வேண்டும். அழுதுகொண்டிருந்த மனைவிக்கு அருகே போய், "நீர் கொஞ்சம் படும், நான் கணக்கைப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால், இரண்டு வருடம் அதிகாலையில் எழுந்ததற்கு அந்த இரவு ஒரு பயன் கிடைத்திருக்கும்.

நான் இதை நூலிலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் அம்மா கடைசி ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்தார். காலை பதினொரு மணிக்குக் கஞ்சி கொடுப்பது என் பொறுப்பு. குழைய வடித்த சோற்றைப் பிசைந்து, பால் விட்டு, ஒரு சிறிய எவர்சில்வர் கோப்பையில் கொண்டுபோவேன். நான்கைந்து கரண்டிக்குப் பிறகு அவர் உதட்டை மூடிக்கொள்வார். "இன்னும் ஒரு வாய், அம்மா" என்று கரண்டியை உதட்டில் அழுத்துவேன். கஞ்சி வாயோரமாக வழிந்து கழுத்துக்குப் போகும். துவாயால் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்துவேன். ஒருநாள் அவர் என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன தன் தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்து, "விடு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு கரண்டி என்று நான் மனதில் வைத்திருந்த கணக்கு அவருடைய பசியின் கணக்கன்று, என் பயத்தின் கணக்கு. பன்னிரண்டு போய்விட்டால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

மறுநாள் கரண்டியைக் கோப்பையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருந்தபோதுதான் அவருடைய தொண்டை எனக்குத் தெரிந்தது: ஒரு வாய் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது, இறங்கிய பிறகு நாக்கு ஒருமுறை மேலண்ணத்தைத் தேடிவிட்டு வருகிறது, அதன் பிறகே வாய் தானாகத் திறக்கிறது. சில நாள் பத்துக் கரண்டி போனது. சில நாள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத நாட்களில் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருந்தேன். அழுகை வந்த நாட்களும் உண்டு. அம்மா மேல் இருந்த பாசம் அந்த மாதங்களில் துளியும் குறையவில்லை. என் கை மட்டும் அவர் உதட்டிலிருந்து ஓர் அங்குலம் பின்வாங்கியிருந்தது, அந்த ஓர் அங்குலத்தில் அவரை நான் கண்டேன். உபேக்கா என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த இடைவெளிதான்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கன்னியாவுக்குப் போனோம். அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. நோயுற்ற தாய் வழிபட முடியாமல் இருக்கிறாள் என்று இராவணன் கோணேசர் மலையையே வெட்டி எடுக்கப் பார்த்தான். அந்த வெட்டு கோயிலடியில் இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தாய் இறந்துவிட்டாள் என்று கேட்டதும், அவளுக்கான கிரியையைச் செய்ய வாளை ஏழிடத்தில் ஊன்ற, வெந்நீர் பொங்கியது என்பார்கள். கதைதான். ஆனால் மலையை வெட்டியவனும் வாளி வாளியாக நீரை ஊற்றியவனும் ஒரே மகன் என்பதை நான் அன்றைக்கு நெடுநேரம் யோசித்தேன். கை எட்டும்வரை மலையை அசைத்துப் பார்க்கக்கூடாது என்று உபேக்கா சொல்வதில்லை. கை எட்டாத இடம் வந்தபோது அதை அறிந்து, அங்கே செய்ய மீந்திருப்பதைச் செய்யச் சொல்கிறது.

பௌத்த நூல்கள் இத்தனை இளக்கமானவையா என்று நீங்கள் கேட்கலாம். எல்லா இடத்திலும் இல்லை, அதை மறைக்கக் கூடாது. பேரப்பிள்ளையை இழந்து ஈரத் துணியோடு வந்த விசாகை என்ற அடியவளிடம், பிரியமானவர் நூறு பேர் உள்ளவருக்குத் துக்கமும் நூறு என்றும், பிரியமானவர் எவரும் இல்லாதவருக்குத் துக்கம் இல்லை என்றும் புத்தர் சொன்னதாக உதானம் என்ற பாளி நூலில் இருக்கிறது. பிரியமானவர்களிடமிருந்தே சோகம் பிறக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டுக் கோசல மன்னன் பசேனதி சினக்க, அரசி மல்லிகை அவனுடைய மகள் வஜிரியின் பெயரைச் சொல்லி, "அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால் உங்களுக்குத் துக்கம் வருமா, வராதா?" என்று கேட்டு அவனுக்குப் புரியவைத்த கதையும் உண்டு. ஆனால் மல்லிகை அங்கே காரணத்தைக் காட்டினாளே தவிர, வஜிரியை நேசிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது புத்தரின் அணுக்கத் தொண்டர் ஆனந்தரின் கண்ணீர். புத்தர் மரணப் படுக்கையில் இருக்க, ஆனந்தர் விலகிப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். புத்தர் அவரை அழைத்துவரச் செய்து, சேர்ந்தவை எல்லாம் பிரியும் என்று நான் முன்பே சொல்லவில்லையா என்கிறார்; அத்தோடு விடாமல், நெடுங்காலமாக உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அளவில்லாத மெத்தாவோடு நீ என்னைப் பேணினாய் என்று பாராட்டுகிறார். அழுத ஆனந்தரிடம் குறையாக அவர் கண்டது அந்த நேயத்தை அன்று. தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் மறைந்த பிறகு கூடியிருந்த சங்கத்தைப் பார்த்து, இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது என்று புத்தரே சொன்னதாகவும் ஒரு சுத்தம் (பாளிச் சூத்திரம்) இருக்கிறது. வெறுமையை வெறுமை என்று கண்டார், அதில் உடைந்து போகவில்லை.

பாளியில் பேமம் என்ற பாசம் வேறு, மெத்தா வேறு. தமிழில் இரண்டையும் அன்பு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றது வளரும் என்பது தமிழுக்கு நன்றாகத் தெரியும். 'அருளென்னும் அன்பீன் குழவி' என்கிறது குறள்: எல்லா உயிர்மேலும் செல்லும் அருள், நெருங்கியவர்மேல் உள்ள அன்பு பெற்ற பிள்ளை. மணிமேகலையின் சிறைவிடு காதையில், மகன் உதயகுமரனை இழந்த அரசியிடம் மணிமேகலை, நீ அழுதது உடலுக்கா உயிருக்கா என்று கேட்கிறாள். உடலுக்கென்றால் அதைச் சுடுகாட்டில் இடச் செய்தது யார்? உயிருக்கென்றால் அது எங்கே புகுந்தது என்று அறிய முடியாது. இவ்வளவும் கடுமையாகத்தான் கேட்கிறது. ஆனால் அவள் முடிக்கும் இடம் இது:

அவ்வுயிர்க்கு அன்பினை ஆயின் ஆய்தொடி
எவ்வுயிர்க்கு ஆயினும் இரங்கல் வேண்டும்

மகன்மேல் வைத்த அன்பை அறுத்துவிடு என்று ஒரு பௌத்தத் துறவி சொல்லவில்லை. அதை அந்த ஓர் உயிரோடு நிறுத்தாதே என்கிறாள். உங்கள் மகளுக்கு அடுத்த கட்டிலில் யார் பிள்ளை கிடந்தது, அந்தத் தாய்க்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்க யாராவது இருந்தார்களா என்பதும் இந்த வரிகளுக்குள் அடங்கும்.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு பௌத்தம் பற்றிப் பேசும்போது சிலர் முகம் சுளிப்பதை நான் அறிவேன். காணிக்கும் தொல்லியலுக்கும் இடையே நடக்கும் இழுபறியில் புத்தரின் பெயர் அடிபடும் ஊர் இது. அந்த வழக்குகளை அவற்றுக்குரிய இடத்தில் பேசத்தான் வேண்டும். பெரியகுளத்தருகே வெல்கம் விகாரையில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன என்பதையும், அந்தப் பள்ளிக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் இருந்தது என்பதையும், அதற்குக் கொடை கொடுத்தவர்கள் நம் மொழியில்தான் அதைப் பொறித்தார்கள் என்பதையும் மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருக்கும் தாயிடம் போய் உபேக்கா பற்றிப் பேசுகிறவர், மனமறியாமலேனும் ஒரு கொடுமையைச் செய்கிறார். நீதி கேட்பது பற்று ஆகாது. உபேக்கா ஒருவர் தனக்குத் தானே பழகிக்கொள்வது. இன்னொருவரின் அழுகையை நிறுத்த அதைக் கையில் எடுக்கக் கூடாது.

பயிற்சியைப் பொறுத்தவரை, சில மாதங்களுக்கு வரிசையை மாற்றிப் பாருங்கள். காலையில் மூச்சில் கொஞ்ச நேரம் நின்ற பிறகு, மெத்தாவோடு தொடங்குங்கள். மரபு முதலில் தன்னையும், பிறகு மதிப்புக்குரிய ஒருவரையும் நினைக்கச் சொல்கிறது. மிக நெருங்கியவரை முதலில் வைத்தால் பற்று முந்திக்கொள்ளும் என்பது காரணம். மகள் மூன்றாவதாக வரட்டும். உபேக்காவுக்கு உரிய நினைவு, உயிர்கள் தத்தம் வினைக்கு உரியவை என்பது. இதைக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் காரணம் சொல்வது போல, 'அவளுடைய வினை' என்று மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள், அது அருவருப்பானது. அவளுடைய வாழ்க்கை அவளுடையது, எனக்குள்ளது அதைப் பேணும் வேலை, அதன் முடிவு என் கைக்குள் இல்லை என்ற அளவில் நினைத்தால் போதும். அவள் சுகமாக ஓடித்திரியும் நாட்களில் இதைப் பழகுங்கள். பள்ளிக்கூட வாசலில் கையை உதறிவிட்டுச் சிநேகிதிகளிடம் ஓடுவாளே, அந்த ஒரு கணம் நல்ல இடம். அந்த நேரம் அவள் நான்காவது பிள்ளை.

அதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருக்கிறது. அன்றிரவு வாங்கில் கண்ணை மூடியது பயத்தினால்தான் என்பது என் ஊகம், தவறென்றால் விட்டுவிடுங்கள். சரியென்றால், நாளைக் காலையில் அமர்வதற்கு முன் உங்கள் மனைவியிடம் போய், "நான் கல்லாகவில்லை, பயந்துபோனேன்" என்று சொல்லுங்கள். அவர் அழுதால் பக்கத்தில் இருங்கள், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒருநாள் தியானம் பிந்திப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.